பழைய அடுக்குமாடியில் சின்னக் கரப்பான்: ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் போதுமா?

மாம்பலம்வாசி

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 1986-ல் கட்டிய அடுக்குமாடி. மாடிக்கு நான்காகப் பதினாறு வீடு, எங்களுடையது இரண்டாவது மாடி. சமையலறையில் சின்னக் கரப்பான் தொல்லை தாங்க முடியவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போய் லைட்டைப் போட்டால் மிக்ஸிக்கு அடியிலிருந்தும் அடுப்புக்கு அடியிலிருந்தும் சிதறி ஓடுகிறது. இப்போது பகலிலேயே அலமாரிக் கீல் இடுக்கில் உட்கார்ந்திருக்கிறது.

அவ்வப்போது ஆள் வந்து ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகிறார். ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் பழைய கதைதான். அடித்த மறுநாள் மேல் வீட்டு அக்கா வந்து, "நீங்க மருந்து அடிச்சா எல்லாம் எங்க வீட்டுக்கு ஏறி வருது" என்கிறார். அவர் அடித்தால் எங்களுக்கு இறங்கி வருகிறது.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. மாமியாருக்கு வீசிங் உண்டு, ஸ்ப்ரே அடித்த நாளில் அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. அசோசியேஷன் கூட்டத்தில் பேசினேன். "அவங்கவங்க வீட்டைச் சுத்தமா வெச்சுக்கிட்டா ஏன் வரப்போகுது" என்று முடித்துவிட்டார்கள். எங்கள் சமையலறையில் எச்சில் பாத்திரம் ராத்திரி தங்காது. இதற்கு மேல் என்ன செய்வது?

கைவைத்தியம்

பிரிஞ்சி இலையைப் பொடித்து மூலையில் போடுங்கள். சிங்க் ஓட்டையில் ரசகற்பூர உருண்டை போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து அதுதான்.

மதுரை பெஸ்ட் கன்ட்ரோல்காரர்

இந்தத் தொழிலில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். மாம்பலம்வாசி மேடம் சொல்வதில் ஒன்றுகூட மிகை இல்லை. மேல் வீட்டுக்காரம்மா சொல்வதும் உண்மைதான்.

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். சாக்கடையிலிருந்து பாத்ரூம் வழியாக வரும் செந்நிறப் பெரியது வேறு. அது மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் இருக்கும், பறக்கவும் பார்க்கும். உங்களிடம் இருப்பது ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் வெளிர்பழுப்பு. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஜெர்மன் கரப்பான். பெயர்தான் ஜெர்மன். 2024-ல் வந்த மரபணு ஆய்வு, இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார் பக்கம் மனிதக் குடியிருப்புகளை ஒட்டி உருவானது என்கிறது. அப்போதிருந்தே நம் அடுப்பங்கரையை நம்பி வாழ்கிற பூச்சி. வெட்டவெளியில் இதைப் பார்ப்பது அபூர்வம்.

பெட்டை முட்டைக்கூட்டை வால் பக்கம் சுமந்துகொண்டே திரியும். ஒரு கூட்டில் முப்பது, நாற்பது முட்டை. பொரிக்கப் போகும் நேரத்தில்தான் கழற்றிவிடும். கூட்டுக்குள் மருந்து சுலபமாக இறங்காது. அதனால் நீங்கள் ஸ்ப்ரே அடித்துத் தாயைக் கொன்றாலும் பொரிக்கும் நிலையில் இருக்கும் கூட்டிலிருந்து குஞ்சு வந்துவிடலாம். அந்த "ஒரு வாரம் நிம்மதி"க்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உங்கள் ஸ்ப்ரேயே. கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே, சாக்பீஸ் எல்லாம் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. அது பட்ட இடத்தைக் கரப்பான் விலகிப் போகும். விலகி எங்கே போகும்? சிங்க் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, அங்கிருந்து டக்ட் (எல்லா மாடிக்கும் குழாய்கள் ஏறி இறங்கும் சந்து), அங்கிருந்து மேல் வீடு. பல வருடம் இதையே அடித்து அடித்து, பல கட்டடங்களில் இந்த மருந்துக்குச் சாகாத வம்சம்தான் மிச்சம் இருக்கிறது.

சமையலறைக்கு ஜெல்தான் வைக்க வேண்டும். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோப்ரிட் 2.15 சதவீதம் உள்ள ஜெல் ஊசிக்குழாயில் வரும். அதைப் பட்டாணி அளவு அப்பக்கூடாது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டு, நிறைய இடத்தில். அலமாரிக் கீலின் உள்பக்கம், டிராயர் ஓடும் தண்டவாளத்தின் பின்முனை, பிரிட்ஜ் கதவு ரப்பர் மடிப்பு, பிரிட்ஜுக்குப் பின்னால் கம்ப்ரஸர் பக்கத்துத் தகடு, கடப்பைக் கல் மேடை சுவரோடு சேரும் அடிப்பக்கம், சிலிண்டர் நிற்கும் மூலை. கறுப்பாக மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி தெரிந்தால் அது அதன் கழிவு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு பொட்டு.

ஜெல் தின்ற கரப்பான் உடனே சாகாமல் பொந்துக்குத் திரும்பும். அதன் கழிவையும் செத்த உடலையும் குஞ்சுகள் தின்னும், அதுகளும் சாகும். வெளியே வராத குஞ்சு வரைக்கும் மருந்து போய்ச் சேர்வது இப்படித்தான். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, பினாயில் துணியால் துடைக்கவும் கூடாது. வாசனை பட்டால் கிட்டே வராது.

ஸ்ப்ரே அடித்து ஒரு வாரத்தில் திரும்ப வந்தால் திரும்ப என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கும் ஆட்கள் தொழிலில் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

எமர்ஜென்சி வார்டு நர்ஸ்

கைவைத்தியம் ஐயாவுக்கு: ரசகற்பூரம், அதாவது நாப்தலின் உருண்டை, குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு நாப்தலினால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள்காமாலை வரும். வாயில் போட்டுக்கொண்டால் இன்னும் ஆபத்து, வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருக்கிறது.

மாமியாரின் வீசிங்குக்கு ஸ்ப்ரே மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கரப்பானின் கழிவும் உதிர்ந்த தோலும் தூசியில் கலந்து ஆஸ்துமாவைக் கிளப்பும். கரப்பான் குறைந்த பிறகு அலமாரிகளை ஈரத்துணியால் நன்றாகத் துடையுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் அந்தத் தூசி பறக்கும்.

மாம்பலம்வாசி

இரண்டு கறுப்புக் கோடு இருக்கிறது. அதேதான். ஜெல்லைக் குழந்தை தொட்டுவிடாதா?

மதுரை பெஸ்ட் கன்ட்ரோல்காரர்

தரையிலும் திறந்த இடத்திலும் வைக்காதீர்கள். கீலின் உள்பக்கம், மேடைக்கு மேலே உள்ள அலமாரி, பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் தவழும் குழந்தைக்கு எட்டாது. கீழ் அலமாரிக்குக் கொக்கி போட்டு வையுங்கள். பாத்திரம் படும் இடத்திலும் வேண்டாம்.

சிவில் இன்ஜினியர்

மருந்து பாதி வேலைதான். எண்பதுகளில் சென்னையில் கட்டிய அடுக்குமாடிகளைப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சிங்க்குக்குக் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிங்க்கிலிருந்து ஒரு வளையும் பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் இறங்கும். அது தரையில் இருக்கும் பெரிய குழாய்க்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். பெரிய குழாய் வாய் அகலம், வேஸ்ட் பைப் ஒல்லி, சுற்றிலும் இடைவெளி. பாதிப் பேர் அதில் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். அந்தத் துணியே கரப்பானுக்கு ஈரமும் இருட்டும் உள்ள வீடு. அதை எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடையில் அந்த இடத்துக்கென்றே கிடைக்கும் ரப்பர் மூடி வாங்கிப் போடுங்கள். சில்லறைச் செலவுதான்.

அடுத்தது சுவர். தண்ணீர்க் குழாய் டக்ட்டிலிருந்து சமையலறைக்குள் வரும் இடத்தில், அன்றைக்குக் கொத்தனார் உளியால் உடைத்த ஓட்டை பெரிதாக இருக்கும். குழாய் போட்ட பிறகு யாரும் பூசியிருக்க மாட்டார்கள், அலமாரி மறைத்துவிட்டதால் நாற்பது வருடமாக அப்படியே கிடக்கும். பெரிய ஓட்டையைச் சிமென்ட் கலவையால் அடைத்து, குழாயை ஒட்டிய மெல்லிய இடைவெளியை சிலிக்கான் சீலன்ட்டால் மூடுங்கள். எலியும் வரும் டக்ட் என்றால் சிமென்ட்டுக்கு முன் இரும்பு வலையைச் சுருட்டித் திணிக்க வேண்டும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

பெரிய கரப்பானுக்கு வழி பாத்ரூம் நஹானி ட்ராப், அதாவது தரைத் தண்ணீர் வடியும் வாய். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தடுப்பு. பழைய ட்ராப்களில் உள்ளே இருக்கும் கிண்ணத்தைச் சுத்தம் செய்யக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விடுவார்கள். ஜாலியை எடுத்துப் பாருங்கள், கிண்ணம் இல்லை என்றால் கரப்பான் நேராக ஏறி வருகிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில் முடியும் காற்றுக் குழாய்களின் வாயில் கொசுவலை கட்டுங்கள், கொசுவுக்கும் ஆயிற்று.

டக்ட்டின் அடித்தளத்தைத் திறந்து பார்த்த அசோசியேஷன் எதையும் நான் கண்டதில்லை. உடைந்த பூந்தொட்டி, மேல் மாடியிலிருந்து விழுந்த துணி, ஒழுகும் குழாயிலிருந்து சதா ஈரம், எல்லாம் அங்கே கிடக்கும். அதைச் சுத்தம் செய்வது எந்த ஒரு வீட்டுக்காரரின் வேலையும் கிடையாது, பொதுச் செலவில் நடக்க வேண்டியது. கூட்டத்தில் இதைக் கேளுங்கள். "அவங்கவங்க வீடு" என்ற பேச்சு டக்ட் விஷயத்தில் எடுபடாது.

தோ பாயோ தமிழன்

சிங்கப்பூரிலிருந்து. பழைய வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய், எத்தனையோ வீட்டுக் குப்பை. கரப்பான் அதன் வழியாகத்தான். குழாயை நகர மன்றம்தான் கவனிக்கிறது. குழாய்க்கு மருந்து அடிக்கப் போகிறோம், மூடியை ஒட்டி வையுங்கள் என்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டுவார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் மூடியைச் சுற்றி டேப். பின்னால் கட்டிய புளோக்குகளில் குழாயை வீட்டுக்கு வெளியே பொதுவில் வைத்துவிட்டார்கள்.

கே.கே. நகர் செயலாளர்

எங்கள் குடியிருப்பிலும் இதே சண்டை. யார் வீட்டிலிருந்து வருகிறது என்று பழிபோட்டே காலம் போனது. "அசுத்தம்" என்ற வார்த்தை வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தன் வீட்டில் இருப்பதையே மறைப்பார்கள். மறைக்கிற வீட்டில்தான் அது பெருகும்.

நாங்கள் பசை அட்டை வாங்கி எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தோம். சிங்க்குக்குக் கீழே வைத்து, ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் செயலாளருக்கு மட்டும் படம் அனுப்பச் சொன்னோம். குழுவில் போட வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னதுதான் முக்கியம். படங்களை வீட்டு எண்ணை மறைத்து, மாடிவாரியாகத் தாளில் எழுதிக் கூட்டத்தில் காட்டினேன். ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாக உள்ள நான்கு சமையலறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து வரிசையில் ஒன்றிரண்டுதான். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிந்தது, கரப்பான் குழாயைப் பிடித்துப் போகிறது, ஆள் பார்த்துப் போகவில்லை.

அப்புறம் அந்த வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் ஜெல் வைத்தோம், செலவு மெயின்டனன்ஸ் கணக்கில். இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். பசை அட்டையில் ஒட்டுவது குறைகிறதா என்று பார்த்துத்தான் கடைசித் தவணை கொடுத்தோம். முதலில் வந்த ஒரு கம்பெனி வருட ஒப்பந்தம், மாதா மாதம் ஸ்ப்ரே, பணம் முன்கூட்டியே என்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

ஆளை எடுக்கும்போது, பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில வேளாண் துறை கொடுக்கும் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன மருந்து, எவ்வளவு சதவீதம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நம்ம ஸ்பெஷல் மருந்து சார்" என்று சொல்பவரை உள்ளே விடாதீர்கள்.

மதுரை பெஸ்ட் கன்ட்ரோல்காரர்

செயலாளர் சார் செய்ததுதான் சரியான முறை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜெல் ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்து பிறகு கரப்பான் அதைத் தொடவே இல்லை என்றால், வேறு மருந்து, வேறு தயாரிப்பு ஜெல்லுக்கு மாறுங்கள். ஜெல்லில் இனிப்பு கலந்திருக்கும். சில கரப்பான் கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசப்பாகத் தெரியும்படி நாக்கே மாறிவிட்டது என்று 2013-ல் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆய்வில் காட்டினார்கள். எனக்கு அதைப் படித்தபோதுதான் சில ஹோட்டல்களில் பார்த்தது விளங்கியது.

திருவல்லிக்கேணி பழைய வீடு

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய தளம்) போட்ட பழைய வீடு, முன்கட்டு பின்கட்டு என்று மூன்று குடும்பம். நிலைப்படியில் மண்கோடு ஏறுகிறது. பின்கட்டில் ஒரு மரச்சட்டத்திலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது. இரண்டுமே கரையான்தானா? ஒருவர் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார்.

சிவில் இன்ஜினியர்

இரண்டும் வேறு. மண்கோடு கரையான். மாவு கொட்டுவது பெரும்பாலும் மரவண்டு. சட்டத்தில் குண்டூசித் தலை அளவு வட்ட ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். நிலத்துக் கரையான் மாவு கொட்டாது, தின்ற இடத்தை மண்ணால் நிரப்பிக்கொண்டே போகும். ஒரே மருந்து, ஒரே தொகை என்று சொல்பவர் பார்க்காமலே சொல்கிறார்.

மண்கோட்டில் விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு சில நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் கரையான் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. முழுவதையும் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், வருபவருக்கு வழி தெரியாமல் போய்விடும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு ஐஎஸ் 6313 மூன்றாம் பகுதி என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, மருந்தை இறக்கி, அடைக்க வேண்டும். மூன்று குடும்பமும் சேர்ந்து செய்யுங்கள், உங்கள் கட்டில் மட்டும் துளை போட்டால் பக்கத்துக் கட்டுச் சுவர் வழியாக வரும். மருந்துக்கு முன் ஈரத்தை நிறுத்துங்கள். மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. பழுதுக்காக இடையில் மாற்றிய நாட்டு மரத்தையும், மழைநீர் ஒழுகி நனையும் முனையையும்தான் முதலில் பிடிக்கும். உத்தரம் சுவரில் உட்காரும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே போனால் மருந்துப் பேச்சை விட்டுவிட்டு முதலில் முட்டுக் கொடுங்கள்.

வாடகைவீட்டுக்காரி

டக்ட்டில் எலி பற்றி யாரோ சொன்னீர்கள். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டார் எலி பேஸ்ட் வாங்கி தக்காளியில் தடவி வராந்தாவில் வைக்கிறார்கள். ஓனரிடம் சொன்னால் "நீங்க பேசிக்கோங்க" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

எமர்ஜென்சி வார்டு நர்ஸ்

பயப்பட வேண்டிய விஷயம்தான். அந்த பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால் அதற்கு முறிமருந்து கிடையாது. சாப்பிட்டவர் முதல் நாள், இரண்டாம் நாள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார், "ஒன்றும் இல்லை" என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் கல்லீரல் செயலிழக்கும். இதை வார்டில் பார்த்தவர்களால் மறக்க முடியாது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். குழந்தை தொட்டது போலச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மூடிய அறையில் எலி மருந்து வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். தானியத்துக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எலி வளைக்குள் போடுவதும் அப்படியே. அதிலிருந்து வரும் வாயு சுவர் இடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். அது வீட்டில் வைத்திருக்க வேண்டிய பொருளே கிடையாது.

மதுரை பெஸ்ட் கன்ட்ரோல்காரர்

வராந்தாவுக்குப் பொறிதான். தேங்காய்ச் சில்லைச் சுட்டு வையுங்கள், கருவாடும் நன்றாக இழுக்கும். பொறியைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும், எலி நடுத்தரையில் நடக்காது. முதல் ஓரிரு நாள் பொறியைப் பூட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்கினால் பிடிபடும். விஷம் வைத்தால் டக்ட்டுக்குள் செத்து நாறும், எடுக்கவும் முடியாது. கிச்கிச் என்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடும் நீள மூக்கு மூஞ்சுறுவை எலி என்று அடித்துவிடாதீர்கள். அது பூச்சி தின்னும், கரப்பானையும் தின்னும்.

மாம்பலம்வாசி

எல்லாருக்கும் நன்றி. சிங்க்குக்குக் கீழே பார்த்தேன், இன்ஜினியர் சார் சொன்ன அதே பழைய துணி, எடுத்ததும் உள்ளிருந்து குஞ்சுகள் கொட்டின. ரப்பர் மூடி போட்டாயிற்று. மேல் வீட்டு அக்காவிடம் இந்த இழையைக் காட்டினேன், அவரே கீழ் வீட்டிலும் பேசினார். எங்கள் வரிசையில் மூன்று வீடு சேர்ந்துவிட்டோம், ஜெல்லுக்கு நாள் பார்க்கிறோம். பசை அட்டை முடிவோடு டக்ட் விஷயத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கப் போகிறேன்.

ஒரே சிக்கல், வரிசையில் மிச்சமுள்ள ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓனர் வெளிநாட்டில். அதை விட்டுவிட்டுச் செய்தால் பலன் இருக்குமா?

கே.கே. நகர் செயலாளர்

பூட்டிய வீட்டில் சோறு இல்லை என்பதால் சின்னக் கரப்பான் அங்கே பெருகாது, ஆனால் மற்ற வீட்டில் மருந்து வைக்கும்போது வழியாகப் பயன்படுத்தும். எங்களிடமும் இரண்டு வீடு அப்படி. ஓனருக்கு மெயில் அனுப்பி, சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரோடு செயலாளரும் வாட்ச்மேனும் சேர்ந்து போய்த் திறந்தோம், வீடியோ எடுத்து அனுப்பினோம். யாரும் மறுக்கவில்லை.

சிவில் இன்ஜினியர்

திறக்கும்போது பாத்ரூமையும் பாருங்கள். ஆள் இல்லாத வீட்டில் நஹானி ட்ராப் தண்ணீர் வற்றிப்போயிருக்கும், சாக்கடை வாயுவும் பெரிய கரப்பானும் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மிதப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் தண்ணீர் நிற்கிறதா பார்த்து, மூடியை மூடிவிட்டு வாருங்கள். வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை வாட்ச்மேன் ஊற்றினால் போதும்.